எட்டணாவுக்குப் போன பூங்கா

கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டியைப் பிடித்தால், கோட்டைக்கு அடுத்து வருவது ‘பார்க்’ ஸ்டேஷன். சென்ட்ரலில் ரயிலேற வேண்டியவர்கள் மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கிச் சாலையைக் கடக்கிறார்கள். பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்குப் ‘பூங்கா நகர்’ என்று இன்னொரு நிலையம். தபால்காரருக்கு அந்த வட்டாரமே பார்க் டவுன்தான். கந்தகோட்டத்து முருகனின் விலாசமும் அதுவே. வெளியூரிலிருந்து வரும் பிள்ளை, “இத்தனை பார்க் சொல்றாங்களே தாத்தா, பார்க் எங்க இருக்கு?” என்று கேட்டால், கைப்பிடித்துக் கூட்டிப்போகும் பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அது அந்தக் காலத்துப் பேருப்பா” என்பார்.

அந்தக் காலம் என்பது 1859. அந்த ஆண்டு சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்றவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். பெரும் பஞ்சத்தின்போது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று அயர்லாந்துக்காரர்கள் இன்றும் கசப்போடு நினைக்கும் அதே மனிதர். சென்னைக்கு வந்த இடத்தில் அவர் கண்ணில் பட்டது வேறு. வெள்ளைக்காரர்களுக்கு எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் தோட்ட வீடுகள் இருந்தன. ஏக்கர் கணக்கில் நிழல் இருந்தது. அவர்கள் ‘கருப்பர் நகரம்’ என்று பெயர் சூட்டியிருந்த இன்றைய ஜார்ஜ் டவுன்காரர்களுக்குச் சந்துதான் வாசல், சந்துதான் தோட்டம். இந்த மக்கள் காலாற நடக்கவும் காற்று வாங்கவும் ஊரின் மேற்குப் பக்கம், கூவத்துக்கு வடக்கே, ஒரு பூங்கா வேண்டும் என்றார் டிரெவெல்யன். பெயரே பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. பரப்பு 116 ஏக்கர். அதற்குள் 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை.

அடுத்த ஆண்டே, வருமான வரியை எதிர்த்து வெளிப்படையாக எழுதிய குற்றத்துக்காக டிரெவெல்யனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பூங்கா நின்றது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் கூடமும் சில ஆண்டுகளில் அங்கே குடிவந்தது. சென்னைக்காரர்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள்: அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. 1871-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரின் மொத்தத் தலைகள் சுமார் 4 லட்சம். அந்த அளவு ஊருக்கு, நடு மையத்தில், அப்படி ஒரு பூங்கா.

இன்று சென்னை மறுபடியும் பூங்காக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. மாநகராட்சியின் பொறுப்பில் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. புதியவை திறக்கப்படுகின்றன, பழையவை புனரமைக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை ரத்து செய்து, சுமார் 160 ஏக்கர் நிலத்தை அரசு மீட்டது. அதில் 118 ஏக்கரைச் சுற்றுச்சூழல் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. வழக்குகள் ஒரு பக்கம் நடக்கின்றன. ஆனால் எண்ணைக் கவனியுங்கள். அன்று 116, இன்று 118. 165 ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய அதே அளவு நிலம் மறுபடியும் ஊரின் கைக்கு எட்டியிருக்கிறது. முதல் 116 என்ன ஆயிற்று என்று கணக்குப் பார்க்காமல் இந்த 118-க்கு வரைபடம் போடக் கூடாது.

நல்ல காரியங்களின் வரிசை

கணக்கு 1886-இல் தொடங்குகிறது. ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று பெரிய மனிதர்கள் சிலர் முனைந்தார்கள். நியாயமான ஆசை. நகராட்சி மக்கள் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. கிரவுண்டுக்கு எட்டணா வாடகை. சிஷோம் வரைந்து நம்பெருமாள் செட்டி கட்டிய விக்டோரியா பப்ளிக் ஹால் அங்கே எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அந்த மேடையில்தான் நாடகம் போட்டது. 1897-இல் விவேகானந்தர் அங்கே பேசினார். அந்தச் செங்கல் கட்டடம் வேண்டாம் என்று இன்று எந்தச் சென்னைக்காரர் சொல்வார்?

அடுத்து, நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் ஊருக்கு ஒரு நல்ல சந்தை கட்ட முடிவு செய்தார். பிராட்வே பக்கத்துப் பழைய சந்தை அசுத்தமாகிக் கிடந்தது. அதுவும் நியாயமான தேவைதான். 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பழைய புத்தகங்களுக்காக அங்கே அலைந்து திரிந்த மூன்று தலைமுறை வாசகர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பிறகு நகராட்சிக்கே ஒரு கம்பீரமான இருப்பிடம் தேவைப்பட்டது. 1909-இல் அடிக்கல் நாட்டி 1913-இல் திறந்தார்கள். அதுதான் வெள்ளை மாளிகையாக நிற்கும் ரிப்பன் கட்டடம். பிறகு விளையாட்டு வந்தது. பூங்காவின் மேற்கில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் உருவாயிற்று. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ரன், அரை நூற்றாண்டுக்கும் மேல் உலக சாதனையாக நின்றது. அதை அவர்கள் ஓடி எடுத்த மண் பழைய பூங்கா மண். 1993-இல் அதே இடத்தில் நேரு ஸ்டேடியம் புதிதாக எழுந்தது.

1985 இந்தக் கதையில் ஒரு தனி ஆண்டு. மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போய், புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவு மையமும் ஆயிற்று. ஜூலையில் வண்டலூரில் புது உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இடநெருக்கடியிலும் வண்டிச் சத்தத்திலும் தவித்த உயிர் காலேஜின் விலங்குகள் விசாலமான காட்டுக்குப் போயின. விலங்குகளுக்கு நன்மை. ஆனால் விலங்குகள் போன பிறகு, அந்த இடத்தைப் பூங்காவென்று நினைத்து உள்ளே வர மனிதர்களுக்கு இருந்த கடைசிக் காரணமும் போயிற்று. ரிப்பன் கட்டடத்தின் பின்னால் ‘மை லேடீஸ் கார்டன்’ என்ற சின்னத் துண்டு மட்டும் மிஞ்சியது. 116 ஏக்கரின் எச்சம் அதுதான்.

இந்தப் பட்டியலில் திருடன் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏரிகள் போன கதையைச் சொல்லும்போது ஆக்கிரமிப்பாளன், ஊழல், பேராசை என்று விரல் நீட்ட முடிகிறது. மக்கள் பூங்காவைக் கொண்டுபோனவை ஒரு மண்டபம், ஒரு சந்தை, ஒரு நகராட்சி அலுவலகம், ஒரு விளையாட்டரங்கம், ஒரு ரயில் நிலையம். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானது. ஒவ்வொன்றும் பொதுக் காரியம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நல்ல எண்ணம் கொண்ட மனிதர்கள். கிண்டிக் காட்டின் கதையும் இதேதான். ஆளுநர் மாளிகையைச் சுற்றியிருந்த மான்காட்டிலிருந்து ஐ.ஐ.டி.க்குப் போனது, தலைவர்களின் நினைவு மண்டபங்களுக்குப் போனது, ஏறக்குறைய பாதி போன பிறகுதான் எஞ்சியது 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. பூங்காவுக்குப் பெரிய ஆபத்து கெட்டவர்களிடமிருந்து வருவதைவிட நல்ல காரியங்களிடமிருந்துதான் அதிகம் வந்திருக்கிறது. கெட்டவனை எதிர்த்து ஊர் கூடும். நல்ல காரியத்தை எதிர்த்து யார் கொடி பிடிப்பார்கள்?

சும்மா கிடக்கும் இடம்

ஏன் எல்லா நல்ல காரியமும் பூங்காவைத் தேடி வருகிறது? அது மலிவு என்பதுதான் காரணம். தனியார் நிலம் என்றால் இழப்பீடு தர வேண்டும், வழக்கைச் சந்திக்க வேண்டும். குடிசைகள் இருக்கும் நிலம் என்றால் மாற்று இடம் தர வேண்டும். பூங்கா என்றால் ஒரு தீர்மானம் போதும். அதற்குப் பட்டாதாரர் இல்லை, வாடகைதாரர் இல்லை. மரத்துக்கு வாக்காளர் அட்டை கிடையாது. கோப்பில் எழுதுகிறவரின் கண்ணுக்கு அது ‘காலி இடம்’. பேச்சுத் தமிழில் இன்னும் ஒரு படி போய், ‘சும்மா கிடக்கிற இடம்’ என்போம்.

நிலத்துக்கு நாம் வைத்த சொற்களே இதைக் காட்டும். ‘புறம்போக்கு’ என்பது வருவாய்த் துறையின் கௌரவமான சொல். வரி விதிப்புக்கு வெளியே, ஊர்ப் பொதுவுக்கென்று விட்ட நிலம். மேய்ச்சல், நீர்நிலை, சுடுகாடு, பாதை எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சொல் இன்று தெருச் சண்டையில் வசவாகிவிட்டது. எல்லோருக்கும் உரியது யாருக்கும் பயன்படாதது என்ற எண்ணம் நம் நாக்கில் ஏறிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பூங்காவை ஊரின் உறுப்பாக வைத்து யோசித்த காலம் ஒன்றும் இருந்தது. 1920-இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலத்தில் தியாகராய நகர் உருவானபோது, நடுவில் ஒரு பூங்காவை வைத்து அங்கிருந்து சாலைகள் பிரியும்படி வரைந்தார்கள். முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் அதற்கு. கட்சியின் மூலவர்களுள் ஒருவரான நடேச முதலியாருக்கும் அதே நகரில் ஒரு பூங்கா. வீட்டு மனை விற்றுத் தீர்ந்த பிறகு மூலையில் மிஞ்சியதைப் பூங்காவென்று அறிவிக்கும் இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிரான முறை இது: முதலில் பூங்கா, பிறகு மனை.

ஆனால் அந்த நகரமும் கறை இல்லாததன்று. தியாகராய நகர் எழுந்தது நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்த மண்ணில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க் இல்லை. பார்க் ஸ்டேஷனுக்குப் பங்காளிகள். ஏரியைக் கொன்று பூங்கா வளர்த்தோம். மழைநீர் தேங்கும்படி பள்ளம் வெட்டி ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்ற பெயரில் மாநகராட்சி இப்போது சிறு பூங்காக்களை அமைத்துவருவது, நூறாண்டுக்கு முன் வாங்கிய கடனுக்குக் கட்டும் சின்னத் தவணை.

பூங்கா வெறும் காற்று வாங்கும் இடமாகவும் இருந்ததில்லை. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் கொண்ட அந்தப் பூங்கா பின்னர் அண்ணாவின் பெயர் பெற்றது. சிந்தாதிரிப்பேட்டையின் நேப்பியர் பார்க், மே தினப் பூங்கா ஆனது. கட்டணமில்லாத, கதவு திறந்த ஒரு திடல் இல்லாத ஊரில் மண்டபம் வாடகைக்கு எடுக்க வசதியுள்ளவர்கள்தான் கூட்டம் போட முடியும். மண்டபத்துக்கு வழியில்லாதவர்களுக்குப் பூங்கா இருந்தது.

கட்டுவது எளிது

இப்போது நடப்பதைப் பார்ப்போம். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா 2011-இல் மெட்ரோ ரயில் பணிக்காக மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான மரங்கள் போயின. மறுபடி கதவு திறந்தது 2023-இல். மெட்ரோ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் நல்ல காரியங்களின் வரிசையில் வருவதுதான். பூங்காவைத் திருப்பியும் கொடுத்தார்கள். நடைபாதை, விளையாட்டிடம், விளக்குகள் எல்லாம் முன்பைவிட நேர்த்தி. ஆனால் 2011-இல் அங்கே சறுக்குமரம் ஏறிய ஆறு வயதுக் குழந்தை, 2023-இல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பூங்கா இல்லை. நிலையத்தின் கூரை மேல் பரப்பிய மண்ணில் புல் வரும், செடி வரும். தூங்குமூஞ்சி மரம் வேரோட அங்கே இடமில்லை. வெட்டிய மரத்துக்குப் பதில் பத்து கன்று நடுவோம் என்பது நமது வழக்கமான சமாதானம். பத்துக் கன்றின் நிழலில் ஒரு பூனைதான் படுக்கலாம். பனகல் பூங்காவிலும் இப்போது மெட்ரோ வேலை நடக்கிறது. பிரிந்து செல்லும் சாலைகளின் நடுவில் என்ன திரும்பி வரும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த தோட்டக்கலைச் சங்க நிலத்தை அரசு மீட்டு, 2010-இல் 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா திறந்தது. எதிரிலேயே 2024-இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, 6 ஏக்கரில், சுமார் 46 கோடி ரூபாய் செலவில். தனியார் கைக்குப் போயிருக்கக்கூடிய நிலத்தைச் செடி கொடிக்குக் கொடுத்தது பெரிய காரியம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புதிய பூங்காவில் அந்தரத்தில் கம்பியில் தொங்கிப் போகும் ஜிப்லைன் இருக்கிறது, இசை நீரூற்று இருக்கிறது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய் என்று தொடங்கினார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் பேருந்துக் காசோடு கணக்குப் பார்த்தால் அது பூங்கா இல்லை, பொருட்காட்சி. வாரம் ஒருமுறைகூட அல்ல, விருந்தாளி வந்தால் கூட்டிப்போகும் இடம். டிரெவெல்யனின் திட்டம் எவ்வளவு காலனியத்தனமாக இருந்தாலும், ‘மக்கள்’ என்ற சொல் அதன் பெயரில் இருந்தது.

நடுப்பகலில் பூட்டு தொங்கும் பூங்காக்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். காலையில் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு, மாலையில் குழந்தைகளுக்கு. இடையில் கேட் மூடியிருந்தது. பங்குனி வெயிலில் நிழல் யாருக்குத் தேவை? கட்டட வேலைக்காரருக்கு, வீடு வீடாகப் பொருள் கொண்டுதரும் இளைஞருக்கு, மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் உறவினருக்கு. மரத்தைத் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு, அதன் நிழலைப் பூட்டிவைத்த வினோதம் அது.

செலவில்லாமல் பூங்காவைப் பூங்காவாக வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கும் இதே ஊரில் சான்றுகள் இருக்கின்றன. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இளம் பாடகர்கள் மைக் இல்லாமல் கச்சேரி செய்யும் வழக்கம் உண்டு. மேடை கட்டவில்லை, கூரை போடவில்லை. மரமும் பாட்டும் போதுமாயிருக்கிறது. கோட்டூர்புரத்தில் ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்கா ஒன்றை வளர்த்துப் பேணிவருகிறார்கள். அடையாற்று முகத்துவாரத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர், 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தது. சதுப்புக்குரிய செடிகள் திரும்பின, பறவைகள் திரும்பின. அங்கே சிக்கல் வேறு: பல ஆண்டுகள் பள்ளிக் குழந்தைகளையும் முன் அனுமதி பெற்றவர்களையும்தான் உள்ளே விட்டார்கள். ஓரிடத்தில் கட்டணம், இன்னோரிடத்தில் அனுமதிச் சீட்டு. பூங்காவுக்கும் பொதுமக்களுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வந்து நிற்கிறது.

இதில் மூதாதையர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகள் ஏராளம். ‘நந்தவனம் வைத்தேன்’ என்று சொல்லி அவை நிற்பதில்லை. அதற்குத் தண்ணீர் இறைப்பவர், பூப்பறிப்பவர், மாலை தொடுப்பவர் ஆகியோரின் சோற்றுக்கு எந்த நிலம், அதன் எல்லை எது என்று எழுதிவைத்தார்கள். ‘திருநந்தவனப்புறம்’ என்று அந்த நிலத்துக்குப் பெயர். தோட்டம் போடுவது ஒரு நாள் வேலை, தோட்டக்காரரின் சோறு நாள்தோறும் வேண்டியது என்று தெரிந்தவர்களின் கணக்கு அது. இன்றைய பூங்காத் திட்டத்தில் டெண்டர் உண்டு, திறப்புவிழாக் கல்வெட்டு உண்டு. ஐந்தாம் ஆண்டில் உடைந்த ஊஞ்சலுக்கும் ஓய்வுபெற்ற தோட்டக்காரரின் இடத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற வரி இருப்பதில்லை. பேணாத பூங்கா வறண்டு புதர் மண்டும். புதர் மண்டியதும் யாராவது அதைப் பார்த்து, “சும்மா கிடக்குதே” என்பார்கள். நல்ல காரியம் ஒன்று வாசலில் வந்து நிற்கும். பூங்காவின் முதல் இழப்பு மண்வெட்டியால் வருவதில்லை, வரவு செலவுத் திட்டத்தில் விட்டுப்போன ஒரு வரியால் வருகிறது.

கோப்பின் அடியில் ஒரு தாள்

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உள்ளாட்சிகள் அவற்றைப் பட்டியலிட வேண்டும். அரசின் முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்பின் சாவியை அரசிடமே கொடுத்ததுதான் அதன் பலவீனம். நல்ல காரியத்தோடு வருவதும் பெரும்பாலும் அரசுதானே? மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகத் தானம் எழுதித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகரில், புறநகர்ப் பகுதிகளுக்குப் பூங்கா கிடைக்க அதுவே பெரிய வழி. ஆனால் தானமாக வருவது பல நேரம் யாரும் வாங்காத மூலை, முக்கோணம், மின்கம்பித் தடம்.

நீதிமன்றம் ஒருமுறை தெளிவாகவே பேசியிருக்கிறது. பெங்களூரு ராஜமகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை, முதலமைச்சரின் உத்தரவின்பேரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தத் தெருவாசிகள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பொது நன்மைதானே என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1991-இல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. நோய் வந்தபின் போகும் இடத்துக்காக, நோய் வராமல் காக்கும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நல்ல காரியத்துக்கும் ‘இல்லை’ சொல்லலாம் என்று இந்த நாட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ரேஸ் கோர்ஸ் நிலத்துக்கு வருவோம். 1945-இலிருந்து 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். விக்டோரியா ஹாலின் எட்டணாக் குத்தகைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பொது நிலத்தை நாம் எவ்வளவு மதித்தோம் என்பதற்கு இந்த இரண்டு ரசீதும் போதும். மீட்ட நிலத்தில் மாநகராட்சி முதலில் செய்த வேலை, மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டியது. வேளச்சேரியும் அதன் சுற்றுப்புறமும் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தொடக்கம் சரியான இடத்தில் நடந்திருக்கிறது.

இனி வரைபடம் வரும். அதில் கண்ணாடி மாளிகை வேண்டுமா, இசை நீரூற்று வேண்டுமா என்று விவாதம் நடக்கும், நடக்கட்டும். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் வேறு. அந்த 118 ஏக்கரையும் எல்லை குறித்து 1959-ஆம் ஆண்டுச் சட்டப் பட்டியலில் ஏற்றி அரசிதழில் வெளியிட வேண்டும். எவ்வளவு பரப்பில் கட்டடம் வரலாம் என்பதைச் சின்ன எண்ணாக இப்போதே எழுதிவிட வேண்டும். சட்டமன்றத்தில் விவாதித்துத் தீர்மானம் போட்டாலன்றி அந்த எண் மாறக் கூடாது. ஓர் அலுவலக ஆணையால் மாறக்கூடியது பாதுகாப்பாகாது. தோட்டக்காரர்களின் ஊதியத்துக்குத் தனி நிதி வேண்டும்; இந்தக் காலத்து நந்தவனப்புறம். நுழைவு இலவசமாக இருக்க வேண்டும், நடுப்பகலிலும் கேட் திறந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தை எழுதாமல் நீரூற்றுக்கு டெண்டர் விட்டால், நாம் கட்டுவது பூங்காவாக இருக்காது. அடுத்த நூற்றாண்டின் கட்டடங்களுக்கு மனை தயார் செய்பவர்களாக இருப்போம்.

தமிழில் ‘கா’ என்றால் சோலை. ஆனைக்கா, கோலக்கா, நெல்லிக்கா என்று சிவன் குடிகொண்ட ஊர்களின் பெயர்களில் அந்தச் சோலை இன்னும் இருக்கிறது. அதே ஓரெழுத்து வினையானால் ‘காப்பாற்று’ என்று பொருள். ஆனைக்காவில் காடு போய்விட்டது. தல மரமான வெண்ணாவல் நிற்கிறது. அதைத் தொட ஒருவருக்கும் மனம் வராததால் நிற்கிறது. பார்க் ஸ்டேஷனிடம் பெயர் மட்டும் இருந்தது. தொடக் கூடாது என்று எழுதிய ஒரு வரி இல்லை.

சென்னையின் பூங்காத் திட்டங்கள் தீர்மானமாகும் மாமன்றம் கூடுவது ரிப்பன் கட்டட வளாகத்தில். அதாவது பழைய மக்கள் பூங்காவின் மேல். உறுப்பினர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் தரைக்கு அடியில் அந்த 116 ஏக்கரின் ஒரு துண்டு இருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நினைவில் வைக்கச் சொல்கிறோம்.

ஏனென்றால் இன்னும் 30 அல்லது 50 ஆண்டில், கிண்டி நிலத்தைக் கேட்டு ஒரு கோப்பு வரும். அதை எழுதுபவர் கெட்டவராக இருக்க மாட்டார். ஊருக்கு ஒரு பெரிய மருத்துவமனை வேண்டும் என்பார். அல்லது நூலகம், அல்லது இன்று நம் கற்பனைக்கு எட்டாத ஏதோ ஒரு போக்குவரத்து. கேட்பது நியாயமாக இருக்கும், அவசரமாக இருக்கும், ஐந்து ஏக்கர்தான் என்றிருக்கும். ‘முடியாது, வேறு இடம் பாருங்கள்’ என்று சொல்லும் தாள் ஒன்று அந்தக் கோப்பின் அடியில் இருந்தாக வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இப்போது பதவியில் இருக்கிறார்கள். வரைபடம் இன்னும் முடியாத இந்த நாட்களில்தான் அதை அவர்களிடம் கேட்டு வாங்க முடியும்.